கேட்கத் தெரிந்த பயிற்றுநர்

நுழையும்முன்

கூடைப்பந்துக் களத்தில் ஓர் அணிக்கு ஐவர். களத்தின் ஓரத்தில் நிற்பவர் பயிற்றுநர். பந்தைத் தொட அவருக்கு உரிமையில்லை. ஆனால் தோல்வி நேர்ந்தால் முதலில் பதவி இழப்பவர் அவரே. ஆட்டம் கைநழுவிக்கொண்டிருக்கும்போது, வகுத்துவைத்த திட்டத்தைக் கைவிட்டுச் சில நிமிடங்களில் புதியதொன்றை அமைக்க வேண்டிய நெருக்கடி அவருக்கு உண்டு. அத்தகைய நெருக்கடியை எதிர்கொண்ட அமெரிக்கப் பயிற்றுநர் ரெட் ஹோல்ஸ்மனின் வாழ்வைக் கூறுகிறது இப்பாடம்.

ஓர் இரவின் தொடக்கம்

1970ஆம் ஆண்டு மே மாதம் 4ஆம் நாள். நியூயார்க் நகரின் மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கு நிரம்பியிருந்தது. அமெரிக்கத் தேசியக் கூடைப்பந்துக் கழகத்தின் இறுதித்தொடரில் அன்று ஐந்தாம் ஆட்டம். ஏழு ஆட்டங்களில் முதலில் நான்கை வெல்லும் அணிக்கே வாகை. நியூயார்க் நிக்ஸ் அணியும் லாஸ் ஏஞ்சல்ஸ் லேக்கர்ஸ் அணியும் அதுவரை இரண்டிரண்டு ஆட்டங்களை வென்று சமநிலையில் இருந்தன.

முதற்பகுதி முடிய ஏறத்தாழ நான்கு நிமிடங்கள் எஞ்சியிருந்தன. பந்தோடு கூடையை நோக்கிப் பாய்ந்த நியூயார்க் அணித்தலைவர் வில்லிஸ் ரீட் திடீரெனத் தரையில் விழுந்தார். வலத்தொடையின் தசை கிழிந்திருந்தது. எதிரணியினர் பந்தைக் கைப்பற்றி மறுமுனைக்கு ஓடினர்; ஆட்டம் அவரைக் கடந்து சென்றது. அவரோ எழ இயலாமல் வலியில் துடித்துக்கொண்டிருந்தார்.

அணிக்கு நேர்ந்த இழப்பு சாதாரணமானதன்று. லேக்கர்ஸ் அணியின் மைய ஆட்டக்காரர் வில்ட் சேம்பர்லின் ஏழடி ஓர் அங்குல உயரமும் அதற்கேற்ற வலிமையும் உடையவர். 1962ஆம் ஆண்டில் ஒரே ஆட்டத்தில் தனியொருவராக 100 புள்ளிகள் குவித்தவர். நியூயார்க் அணியில் அவரோடு தோள்கொடுத்து மோதத்தக்கவர் ரீட் ஒருவரே. அவர் வெளியேறியபோது நியூயார்க் பத்துப் புள்ளிகள் பின்தங்கியிருந்தது. இருக்கையில் அமர்ந்திருந்த பயிற்றுநருக்கு அப்போது வயது நாற்பத்தொன்பது. அந்த இரவில் அவர் செய்ததைப் புரிந்துகொள்ள, அவர் நடந்துவந்த வழியை அறிய வேண்டும்.

நகரத்தின் ஆட்டம்

வில்லியம் ஹோல்ஸ்மன் 1920ஆம் ஆண்டு ஆகஸ்டு 10ஆம் நாள் நியூயார்க்கில் பிறந்தார். பெற்றோர் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து பிழைப்புத் தேடிக் குடியேறிய யூதர்கள். தலைமுடி செந்நிறமாக இருந்ததால் ரெட் என்னும் பெயர் ஒட்டிக்கொண்டது. இயற்பெயர் மறைந்து அதுவே நிலைத்தது. நகரின் புரூக்ளின் பகுதியில் வளர்ந்த அவர், நியூயார்க் நகரக் கல்லூரியில் சேர்ந்தார். ஏழைக் குடியேறிகளின் பிள்ளைகள் கட்டணமின்றிப் படிக்க வாய்ப்பளித்த கல்லூரி அது.

அக்கல்லூரியின் பயிற்றுநர் நாட் ஹோல்மன் தம் காலத்தில் பெயர்பெற்ற ஆட்டக்காரர். அவரிடம் வந்த மாணவர்களுள் பலர் உயரமற்றவர்கள். உயரமில்லாதவர்கள் உயரமானவர்களை எப்படி வெல்வது? ஒரே இடத்தில் நில்லாமை, பந்தைக் கையில் வைத்துக்கொண்டு தயங்காமை, தடுக்க ஆளில்லாமல் நிற்கும் தோழரைக் கண்டறிந்து அவரிடம் பந்தைச் சேர்த்தல் ஆகிய மூன்றுமே அங்குக் கற்பிக்கப்பட்ட விடை. ஐந்தடி பத்து அங்குலமே இருந்த ஹோல்ஸ்மனுக்கு இது பாடமாக மட்டுமன்றிப் பிழைக்கும் வழியாகவும் அமைந்தது. நெரிசல் மிக்க நகரத் தெருக்களிலும் சிறிய உடற்பயிற்சிக் கூடங்களிலும் உருவான இவ்வாட்டமுறையை நகரத்தின் ஆட்டம் என்றே அழைத்தனர்.

1942இல் கல்லூரிப் படிப்பு முடிந்தது. உலகப்போரின் காரணமாகக் கடற்படையில் பணியாற்றினார். போருக்குப் பின் 1945இல் ரோசெஸ்டர் ராயல்ஸ் அணியில் தொழில்முறை ஆட்டக்காரரானார். 1946இலும் 1951இலும் அவ்வணி வாகை சூடியது. இவற்றுள் 1951ஆம் ஆண்டு இறுதித்தொடர் நினைவில் கொள்ளத்தக்கது. ரோசெஸ்டர் முதல் மூன்று ஆட்டங்களையும் வென்று, வெற்றிக்கு ஒரே ஆட்டம் போதும் என்ற நிலையில் இருந்தது. எதிரணி அடுத்த மூன்றையும் வென்று சமன்செய்தது. ஏழாம் ஆட்டத்தில் 79–75 என்னும் கணக்கில் ரோசெஸ்டர் தப்பிப் பிழைத்தது. அந்த எதிரணி வேறெதுவும் அன்று. பிற்காலத்தில் ஹோல்ஸ்மன் பயிற்றுவித்த நியூயார்க் நிக்ஸ் அணியேதான். ஒரே எதிரியை இரண்டு வாரங்களுக்குள் ஏழுமுறை சந்திக்கும் தொடரில், இன்று கைகொடுத்த வழி நாளை கைகொடுக்கும் என்ற உறுதி இல்லை என்பதை ஆட்டக்காரராகவே அவர் கண்டார்.

பதவியிழப்பும் பத்தாண்டுத் தேடலும்

ஆட்ட வாழ்வின் இறுதியில் ஹாக்ஸ் என்னும் அணிக்குச் சென்ற அவர், 1954இல் அங்கேயே பயிற்றுநர் ஆனார். தோல்விகள் மிகுந்த அணி அது. ஆயினும் அங்கு அவர் எடுத்த முடிவொன்று நிலைத்த பயன் தந்தது. கல்லூரிக் காலம் முழுதும் கூடையின் அடியில் மைய ஆட்டக்காரராக விளையாடிய பாப் பெட்டிட் என்னும் இளைஞர் அணியில் சேர்ந்தார். தொழில்முறை ஆட்டத்தின் பருத்த உடல்களுக்கிடையே அவர் நசுங்கிவிடுவார் எனக் கருதிய ஹோல்ஸ்மன், அவரைச் சற்று வெளியே முன்கள ஆட்டக்காரராக நிறுத்தினார். 1956இல் கழகத்தின் மிகச்சிறந்த ஆட்டக்காரர் விருது பெட்டிட்டுக்குக் கிடைத்தது.

ஹோல்ஸ்மனுக்குக் கிடைத்ததோ பணிநீக்கம். 1957 சனவரியில், 14 வெற்றிகளும் 19 தோல்விகளுமாக அணி தள்ளாடிக்கொண்டிருந்தபோது அவர் விலக்கப்பட்டார். அதே பருவத்தின் இறுதியில், அவர் உருவாக்கிய அதே அணி இறுதித்தொடர் வரை சென்றது. அடுத்த ஆண்டு வாகையும் சூடியது. பயிற்றுநராக அவர் பெயரில் எஞ்சியவை 83 வெற்றிகளும் 120 தோல்விகளும். இத்தகைய கணக்கோடு வெளியேறியவரை மீண்டும் அழைக்க எந்த அணியும் விரைவதில்லை.

பழைய அணித்தோழர் ஒருவர் நியூயார்க் அணிக்குப் பயிற்றுநரானபோது, திறமையான இளைஞர்களைத் தேடிக் கண்டறியும் பணியை ஹோல்ஸ்மனுக்குப் பெற்றுத்தந்தார். ஏறத்தாழப் பத்தாண்டுகள் அப்பணியில் கழிந்தன. கல்லூரி கல்லூரியாகச் சென்று, ஊர்பேர் தெரியாத அரங்குகளில் அமர்ந்து, ஆட்டங்களைப் பார்த்துக் குறிப்பெழுதுவதே அவர் தொழில். கூட்டம் பந்தைப் பார்த்துக்கொண்டிருக்கையில், பந்து இல்லாத நான்கு பேர் என்ன செய்கின்றனர் என்பதைப் பார்க்க வேண்டிய பணி இது. அந்நாள்களில் அணியால் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களுள் வில்லிஸ் ரீட், வால்ட் ஃபிரேசியர், வடக்கு டகோட்டாவின் பில் ஜாக்சன் ஆகியோர் அடங்குவர். தாம் திரட்டும் இவ்விளைஞர்களைத் தாமே பயிற்றுவிக்கப் போகிறோம் என்று அவர் எண்ணியிருக்க இடமில்லை. பயிற்றுநர் பதவியில் பட்ட சூடு ஆறாத அவர், அதை நாடவும் இல்லை.

தடுப்பு என் பொறுப்பு

1967 டிசம்பர் 27 அன்று நியூயார்க் நிர்வாகம் ஒரு மாற்றம் செய்தது. பயிற்றுநராக இருந்த டிக் மக்வையர் தேடல் பணிக்குச் சென்றார். தேடல் பணியில் இருந்த ஹோல்ஸ்மன் பயிற்றுநர் இருக்கைக்கு வந்தார். அப்போது 15 ஆட்டங்களை வென்று 22இல் தோற்றிருந்த அணி, எஞ்சிய 45 ஆட்டங்களில் 28ஐ வென்றது.

அவர் செய்தது மாயமன்று. பயிற்சிக்குத் தாமதமாக வந்தால் தண்டம் விதித்தார். களத்தின் முழுநீளத்துக்கும் எதிரணியை விடாமல் நெருக்கும் தடுப்பாட்டத்தை நாள்தோறும் பயிற்றினார். தாம் தடுக்கும் ஆளை மட்டுமன்றிப் பந்து எங்கே இருக்கிறது என்பதையும் ஐவரும் எந்நேரமும் அறிந்திருக்க வேண்டும் என்பது அவருடைய ஓயாத வற்புறுத்தல். தாக்குதலில் அவர் கேட்டது ஒன்றே: எதிரே ஆளில்லாமல் நிற்பவருக்குப் பந்து போக வேண்டும், அவர் யாராக இருந்தாலும் சரி. நகரக் கல்லூரியின் பழைய பாடமேதான் இது.

இங்கு அவருடைய இயல்பொன்றைக் குறிப்பிட வேண்டும். தடுப்பாட்டத்தைத் தம் பொறுப்பாக வைத்துக்கொண்ட அவர், தாக்குதலை ஆட்டக்காரர்களிடம் பெருமளவு விட்டுவிட்டார். ஆட்டத்தின் நடுவே கிடைக்கும் குறுகிய ஓய்வில், எந்த உத்தி பலிக்கும் என்று அவர்களிடமே கேட்பார். பயிற்றுநர் கேட்டால் அறியாமை என்று கருதப்பட்ட காலம் அது. பல பயிற்றுநர்கள் ஆணையிடுவதையே ஆளுமையாகக் கொண்டிருந்தனர். ஹோல்ஸ்மன் கேட்டதற்குக் காரணம் தன்னம்பிக்கைக் குறைவன்று. எதிராளியின் தோள் எப்பக்கம் சாய்கிறது, எவன் களைத்துவிட்டான் என்பவற்றை ஓரத்தில் இருப்பவரைவிடக் களத்தில் இருப்பவரே முதலில் உணர்வர் என்பதைப் பழைய ஆட்டக்காரராகிய அவர் அறிந்திருந்தார்.

1968 டிசம்பரில் மற்றொரு மாற்றம் நிகழ்ந்தது. மைய ஆட்டக்காரர் வால்ட் பெல்லமியையும் மற்றொருவரையும் டெட்ராய்ட் அணிக்குக் கொடுத்து, டேவ் டிபுஷர் என்னும் முன்கள ஆட்டக்காரரை நியூயார்க் பெற்றது. அதுவரை இடமில்லாமல் முன்களத்தில் ஒதுங்கியிருந்த ரீட் தமக்குரிய மைய இடத்துக்கு மீண்டார். ரீட், டிபுஷர், ஃபிரேசியர், பில் பிராட்லி, டிக் பார்னெட் ஆகிய ஐவர் ஒரு கையின் விரல்கள்போல் இணைந்தனர். 1969–70 பருவத்தில் அவ்வணி தொடர்ந்து 18 ஆட்டங்களை வென்றது. 82 ஆட்டங்களில் 60இல் வெற்றி கண்டது. சிறந்த பயிற்றுநர் விருதும் அவ்வாண்டு ஹோல்ஸ்மனுக்குக் கிடைத்தது. ஆனால் 1946இல் தொடங்கப்பட்ட அந்த அணி அதுவரை ஒருமுறையேனும் வாகை சூடியதில்லை.

இடைவேளையில் எழுந்த குரல்

இனி, ரீட் வீழ்ந்த அந்த இரவுக்குத் திரும்பலாம். அவருக்குப் பதிலாக நேட் பௌமன், பில் ஹாஸ்கெட் எனக் கையிலிருந்த உயரமானவர்களை ஒருவர் பின் ஒருவராக ஹோல்ஸ்மன் களமிறக்கிப் பார்த்தார். பயனில்லை. ஆறடி ஆறு அங்குல டிபுஷரைச் சேம்பர்லினுக்கு எதிரே நிறுத்தினார். இடைவேளையின்போது கணக்கு 53–40; லேக்கர்ஸ் 13 புள்ளிகள் முன்னிலை. மூன்று புள்ளி தரும் நெடுந்தொலைவு எறிதல் அக்காலத்தில் இல்லை. ஒரு கூடைக்கு இரண்டே புள்ளிகள். ஆகவே 13 என்பது எளிதில் எட்டக்கூடிய இடைவெளியன்று.

இன்றுபோல் உதவிப் பயிற்றுநர்களின் கூட்டமோ, காட்சிப்பதிவுகளை ஓட்டிப் பார்த்து ஆராயும் வசதியோ அன்று இல்லை. ஓய்வறையில் இருந்தவர்கள் களைத்த ஆட்டக்காரர்களும் ஒரு பயிற்றுநருமே. அப்போது பில் பிராட்லி ஒரு யோசனை சொன்னார். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் பயின்று, ரோட்ஸ் உதவித்தொகை பெற்று ஆக்ஸ்ஃபோர்டில் கற்றவர் அவர். பின்னாளில் நியூ ஜெர்சி மாநிலத்தின் சார்பில் அமெரிக்க மேலவை உறுப்பினராக விளங்கியவர்.

அவர் கண்டது இது. கூடையைச் சுற்றியுள்ள பரப்பைக் கூட்டாகக் காவல் காக்கும் தடுப்புமுறையைக் கழகத்தின் விதிகள் அன்று தடைசெய்திருந்தன. ஒவ்வொருவரும் ஓர் ஆளைப் பொறுப்பேற்றுத் தடுக்க வேண்டும். ஆனால் சேம்பர்லின் தம் ஆளைப் பின்தொடர்ந்து வெகுதொலைவு செல்வதில்லை. கூடைக்கு அருகிலேயே நின்று, வருகின்ற பந்தையெல்லாம் நீண்ட கைகளால் தட்டிவிடுவார். அவர் ஒருவரே ஒரு பரப்புத் தடுப்பு. அப்படியானால் அவரை எதிர்க்கப் பரப்புத் தடுப்பை உடைக்கும் முறையையே கையாளலாமே என்றார் பிராட்லி. மைய ஆட்டக்காரர் என்ற இடத்தையே நீக்கிவிட வேண்டும். கூடையின் அடியில் நிலையாக ஒருவரையும் நிறுத்தாமல், பந்தைக் குறிதவறாது எறிய வல்லவர்களைக் கூடையிலிருந்து விலக்கிப் பரவலாக நிறுத்த வேண்டும். சேம்பர்லின் உள்ளேயே நின்றால், அவர் விட்டுவிட்ட ஆள் தடையின்றி எறியலாம். அவர் வெளியே வந்தால் கூடையின் அடி காலியாகும். விரைந்து உள்ளே புகலாம்.

வலிமையான எதிரியை வெல்ல வலிமை தேடுவதே வழக்கம். இழந்த மைய ஆட்டக்காரருக்கு ஈடாக மற்றொரு மைய ஆட்டக்காரரைத் தேடியே முதல் பாதி கழிந்திருந்தது. பிராட்லியின் யோசனையோ இல்லாததை இல்லாததாகவே ஏற்றுக்கொள்ளச் சொன்னது. ஆண்டு முழுதும் பயின்ற ஒழுங்கை இறுதித்தொடரின் நடுவில் கலைப்பது ஆபத்தானது. பிழைத்தால் புகழ் பிராட்லிக்கு. பிழையானால் பழி பயிற்றுநருக்கு. ஹோல்ஸ்மன் அந்த யோசனையை ஏற்றுக்கொண்டார். சற்று எண்ணிப் பார்த்தால் அது அவருக்கு அயலானதும் அன்று. உயரமில்லாத ஐவர் ஓயாது நகர்ந்து பந்தைக் கைமாற்றும் அந்த ஆட்டத்தை முப்பதாண்டுகளுக்கு முன் நகரக் கல்லூரியில் அவரே ஆடியிருந்தார்.

இரண்டாம் பாதியில் தாக்குதலின் உருவம் மாறியது. தடுப்பிலோ மாற்றம் எளியது: பந்து சேம்பர்லினின் கைக்குப் போனபின் தடுப்பது அரிது, ஆகவே போகுமுன் தடுக்க வேண்டும். பந்தை அனுப்பும் கைகளை நியூயார்க் ஆட்டக்காரர்கள் நெருக்கினர். அனுப்பிய பந்துகளை இடைமறித்துப் பறித்தனர். டிபுஷரும் அவருக்குப்பின் டேவ் ஸ்டால்வொர்த்தும் தம்மைவிட அரையடி உயர்ந்த மனிதரோடு மல்லுக்கு நின்றனர். இந்த ஸ்டால்வொர்த் 1967இல் மாரடைப்புக்கு ஆளாகி, இனி ஆடவே இயலாது என்று கருதப்பட்டு, இரண்டு பருவங்களை இழந்து மீண்டு வந்தவர். வெளியே இழுக்கப்பட்ட சேம்பர்லினைக் கடந்து கூடையின் மறுபக்கம் பாய்ந்து அவர் பந்தைச் சேர்த்தபோது அரங்கமே எழுந்து நின்றது.

லேக்கர்ஸ் அணியினர் குழம்பினர். முன்னிலையில் இருந்தவர்கள் அவர்கள். எதிரே பெருந்தலைவன் இல்லை. ஆகவே பந்தைச் சேம்பர்லினிடம் கொடுத்தாலே போதும் என்று எண்ணினர். அந்த ஒரே வழியை நியூயார்க் அடைத்தபோது மாற்றுவழி அவர்களுக்குத் தோன்றவில்லை. அவ்வாண்டு கழகத்திலேயே மிகுதியான சராசரி பெற்றிருந்த ஜெர்ரி வெஸ்டின் கைக்கும் பந்து உரிய இடத்தில் சேரவில்லை. நான்காம் பகுதியில் நியூயார்க் சமன்செய்தது, பின் முந்தியது, 107–100 என்று வென்றது.

இரண்டு நாள்கள் கழித்து லாஸ் ஏஞ்சல்ஸில் ஆறாம் ஆட்டம். ரீட் ஆடவில்லை. சேம்பர்லின் 45 புள்ளிகள் குவித்தார். 135–113 என்று லேக்கர்ஸ் எளிதில் வென்றது. ஒருமுறை திகைக்கவைத்த உத்தி, எதிரிக்குச் சிந்திக்க நேரம் கிடைத்தபின் அதே திகைப்பைத் தருவதில்லை. ஹோல்ஸ்மனின் வாழ்வைப் பாராட்டி எழுதுவோர் இந்த ஆறாம் ஆட்டத்தை விரைந்து கடந்துவிடுவர். ஆயினும் ஐந்தாம் ஆட்டத்தின் மதிப்பு இதனால்தான் விளங்கும். அன்று இரவு வென்றிராவிட்டால், தொடர் இங்கேயே முடிந்திருக்கும். ஏழாம் ஆட்டம் என்ற ஒன்றே இருந்திராது.

மே 8 அன்று அந்த ஏழாம் ஆட்டம் நியூயார்க்கில் நடந்தது. ரீட் ஆடுவாரா என்பது மற்ற ஆட்டக்காரர்களுக்கும் உறுதியாகத் தெரியவில்லை. தொடையில் வலிமறக்கும் ஊசிகளை ஏற்றிக்கொண்டு, காலை இழுத்தபடி அவர் களத்துக்கு வந்தபோது அரங்கம் அதிர்ந்தது. பந்தெறிந்து பழகிக்கொண்டிருந்த லேக்கர்ஸ் அணியினர் நின்று அவரைப் பார்த்தனர். நியூயார்க் அணியின் முதலிரண்டு கூடைகளையும் அவரே எறிந்தார். அன்று அவர் சேர்த்தவை அந்த நான்கு புள்ளிகளே. ஆனால் 27 நிமிடங்கள் ஒற்றைக்காலின் பலத்தில் சேம்பர்லினுக்கு எதிரே நின்றார். இடைவேளைக்குள் கணக்கு 69–42 ஆகிவிட்டது. வால்ட் ஃபிரேசியர் 36 புள்ளிகள் சேர்த்ததோடு, தோழர்கள் கூடையில் இடுவதற்கு 19 முறை பந்தளித்தார். 113–99 என்னும் கணக்கில் நியூயார்க் தன் முதல் வாகையைச் சூடியது. மக்கள் நினைவில் நின்றது ரீட் நடந்துவந்த காட்சி. ஓய்வறையில் பிராட்லி பேசியதும் ஹோல்ஸ்மன் இசைந்ததும் எவர் கண்ணுக்கும் படாதவை.

பாஸ்டனில் ஒரு மாற்றம்

மூன்றாண்டுகளுக்குப் பின் அவருக்கு மற்றொரு சோதனை வந்தது. 1973இல் பாஸ்டன் செல்டிக்ஸ் அணி 82 ஆட்டங்களில் 68ஐ வென்றிருந்தது. அதனோடு மோதிய நியூயார்க், முதல் நான்கு ஆட்டங்களில் மூன்றை வென்றுவிட்டு அடுத்த இரண்டில் தோற்றது. ஏழாம் ஆட்டம் பாஸ்டனின் சொந்த அரங்கில். அங்கு ஏழாம் ஆட்டத்தில் அவ்வணி அதுவரை தோற்றதே இல்லை. 1951இல் முதல் மூன்றை வென்றும் ஏழாம் ஆட்டம் வரை இழுபட்ட பழைய நினைவு ஹோல்ஸ்மனுக்கு வந்திருக்கக்கூடும்.

அன்று அவர் செய்த மாற்றம் வேறுவகையானது. ஏர்ல் மன்ரோ அணியின் ஒளிமிக்க ஆட்டக்காரர்; பந்தைச் சுழற்றும் அவருடைய அழகுக்காகவே மக்கள் அரங்குக்கு வருவர். ஆனால் பாஸ்டனின் விரைவான ஆட்டக்காரர் ஜோ ஜோ வைட்டைத் தடுக்க அன்று அவரால் இயலவில்லை. ஹோல்ஸ்மன் மன்ரோவை அமரவைத்து, டீன் மெமிங்கர் என்னும் மாற்று ஆட்டக்காரரை வைட்டுக்கு எதிரே நிறுத்தினார். புகழ்பெற்றவரை அமர்த்திப் பெயர் தெரியாதவரை நம்புவது பயிற்றுநர்கள் அஞ்சும் செயல். தோற்றால் அந்த ஒரு முடிவையே ஊர் பேசும். மெமிங்கர் தடுப்பில் விடாப்பிடியாக நின்றார். 13 புள்ளிகளும் சேர்த்தார். நியூயார்க் 94–78 என்று வென்றது. இறுதித்தொடரில் மீண்டும் எதிர்ப்பட்ட லேக்கர்ஸ் அணியிடம் முதல் ஆட்டத்தை இழந்தபின், அடுத்த நான்கையும் தொடர்ந்து வென்று இரண்டாம் வாகையைப் பெற்றது. மன்ரோவும் மனக்கசப்பின்றி அவ்வெற்றியில் பங்குகொண்டார்.

பிற்காலம்

1974இல் ரீடும் டிபுஷரும் ஓய்வுபெற்றனர். அணி தளர்ந்தது, ஹோல்ஸ்மனும் 1977இல் விலகினார். அவருக்குப் பின் பயிற்றுநரானவர் ரீட். ஓராண்டு கடந்ததும் ரீட் நீக்கப்பட, தாம் வளர்த்த மாணவரின் இடத்துக்கே ஹோல்ஸ்மன் மீண்டும் அழைக்கப்பட்டார். 1982 வரை அப்பொறுப்பில் இருந்தார். அந்த இரண்டாம் காலத்தில் முன்னைய வெற்றிகள் திரும்பவில்லை. உத்தியை ஏற்று நடத்தவல்ல ஐவர் இல்லாதபோது உத்தி என்ன செய்யும்? நியூயார்க் பயிற்றுநராக அவர் பெற்ற மொத்த வெற்றிகள் 613.

முதுகு அறுவை சிகிச்சையால் 1970இல் ஆட இயலாதிருந்த பில் ஜாக்சன், அவ்வாண்டு ஹோல்ஸ்மனின் அருகிருந்து அவர் ஆட்டத்தைப் படிக்கும் முறையைக் கற்றார். பின்னாளில் ஜாக்சன் சிகாகோவிலும் லாஸ் ஏஞ்சல்ஸிலும் பயிற்றுநராக 11 வாகைகளை வென்றார். ஆட்டம் கைமீறும்போதும் உடனே எழுந்து கூச்சலிடாமல், ஆட்டக்காரர்களே வழி காணட்டும் என்று அமர்ந்திருந்த அவருடைய பழக்கம் கூடைப்பந்து உலகில் பெரிதும் பேசப்பட்டது. அதன் ஊற்றை அறிந்தவர்கள் வியக்கவில்லை.

ஹோல்ஸ்மன் 1998 நவம்பர் 13 அன்று குருதிப் புற்றுநோயால் மறைந்தார். மேடிசன் ஸ்கொயர் கார்டனின் மேற்கூரையில், சிறந்த ஆட்டக்காரர்களின் சட்டை எண்கள் பொறித்த கொடிகள் தொங்குகின்றன: ரீடின் 19, ஃபிரேசியரின் 10, டிபுஷரின் 22, பிராட்லியின் 24. அவற்றோடு 1990இல் ஏற்றப்பட்ட கொடியொன்றும் உண்டு. எந்த ஆட்டக்காரரும் அணிந்திராத எண் அதில் பொறிக்கப்பட்டுள்ளது: 613.